கர்ப்பிணி அங்கத்தினரின் இடுப்பு வலியும் நம் கரையோரத்து நீரும்

சில ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் பதிவேடுகளை நாம் பரிசோதித்தபோது, ஒரு பெண் அங்கத்தினரின் பெயருக்கு எதிரே சேலை வரவு மாதத்துக்கு மாதம் குறைந்து வந்திருப்பதைக் கண்டோம். முதலில் எட்டுச் சேலை, பிறகு ஆறு, பிறகு மூன்று. நூல் பெற்றுக்கொண்டு துணியை உரிய காலத்தில் ஒப்படைக்காத அங்கத்தினரிடம் விளக்கம் கேட்கவேண்டும் என்று நம் குறிப்பில் எழுதினோம். சங்கத்தின் காரியதரிசி அவ்விதமே நோட்டீசும் அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை அவ்வூருக்குச் சென்றபோது நாம் அந்த வீட்டுக்கே நேரில் போனோம். குழித்தறியின் ஓரத்தில், ஒரு கையைச் சுவரிலும் மறு கையை இடுப்பிலும் ஊன்றிக்கொண்டு எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார் அந்தச் சகோதரி. அவருக்கு எட்டாம் மாதம். அவர் பேசவில்லை, மாமியார்தான் பேசினார். "குழிக்குள்ள காலை விட்டு உக்காந்தா ஒரு முழம் நெய்யிறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போகுது சார். இதை நோட்டீசுக்குப் பதிலா எப்படி எழுதிக் கொடுக்கிறது?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. நாம் எழுதிய குறிப்பை நாமே நீக்கினோம் என்றாலும், அந்தக் கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை. இக்கட்டுரை அதற்குக் காலம் கடந்து அளிக்கும் விடை.

இது பெண்களின் அந்தரங்க விஷயம், சங்கத்தின் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று சில அங்கத்தினர் கேட்கக்கூடும். 2019-20ஆம் ஆண்டு நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கைத்தறித் தொழிலாளரில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். பாம்பன், மண்டபம் கரையில் பாசி வளர்ப்பதிலும் பெண்களின் பங்கே பெரிது. முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டில் குனிந்து பழம் எடுப்பவரும் பெரும்பாலும் பெண்களே. உழைப்பவரில் பெரும்பாலோரைப் பற்றிய விஷயம் சங்கத்தின் விஷயம் ஆகாது என்றால், வேறு எதுதான் சங்கத்தின் விஷயம்?

முதலில் இந்த வலி எதனால் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். கருவுற்ற காலத்தில் உடலில் சுரக்கும் சில இயக்குநீர்கள், பிரசவத்துக்கு வழி செய்யும்பொருட்டு, இடுப்பு எலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. வயிறு முன்னே வளர வளர உடலின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. அதை நேர்செய்ய முதுகின் கீழ்ப்பகுதி உள்வளைகிறது. முதுகுத் தசைகள் ஓய்வின்றி இழுத்துப் பிடிக்கவேண்டியிருக்கிறது. 2015இல் காக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழுவினர் வெளியிட்ட தொகுப்பு, கர்ப்பிணிகளில் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டோர் இந்த இடுப்பு வலியை அனுபவிப்பதாகக் கூறுகிறது. ஆகவே இது சோம்பலும் அன்று, பாசாங்கும் அன்று.

இத்துடன் நம் தொழிலின் பாரமும் சேர்கிறது. குழித்தறியில் அமர்பவர் கால்களைக் குழியில் இறக்கி மிதியை மாறி மாறி மிதிக்கிறார்; ஒரு கையால் நாடாக் கயிற்றை இழுக்கிறார்; மறு கையால் பலகையை அடிக்கிறார்; உடலோ முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஏழாம் மாதத்துக்குப் பின் வயிறு படமரத்தில் இடிக்கும். ஆகவே அவர் பின்னுக்குத் தள்ளி அமர்ந்து, கைகளை அதிகமாக நீட்டி, முன்னிலும் மிகுதியாகக் குனிகிறார். தரையில் அமர்ந்து மிதவைக் கயிற்றில் பாசி நாற்றுக் கட்டும் பெண்ணின் நிலையும் இதுவே.

இந்த வலிக்கு எளிய பரிகாரம் ஒன்று உண்டு. அது நம் கரையில் விலையின்றிக் கிடக்கிறது. மார்பளவு நீரில் நின்று, நடந்து, கை கால்களை நிதானமாக அசைக்கும் பயிற்சியையே நாம் குறிப்பிடுகிறோம்.

நீரில் இறங்கிய உடல் எடை குறைந்து நிற்கும் என்பதைக் கிணற்றில் வாளி இறைத்தவர் யாவரும் அறிவர். நீருக்குள் இருக்கும்வரை வாளி கனப்பதில்லை. நீரை விட்டு வெளியே வந்ததும் கை இழுக்கிறது. அதுபோலவே, இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியைத்தான் தாங்குகின்றன. மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்குகின்றன. உப்பு நீர் நல்ல நீரைவிடச் சற்று அடர்த்தியானது. ஆதலால் கடல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கிக்கொடுக்கும். மேலும், சுற்றிலும் நீர் அழுத்துவதால் காலில் தேங்கிய வீக்கம் வடிகிறது. கையை வீசினால் நீர் மெல்ல எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பில் தசை வலுப்பெறுகிறது. தடுமாறினாலும், தரையில் விழுவதுபோல் உடல் அடிபடுவதில்லை.

இது வெறும் அனுமானம் அன்று. சுவீடன் நாட்டில் 258 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கர்ப்பத்தின் பிற்பாதியில் வாரம் ஒருமுறை நீர்ப்பயிற்சி அளித்தனர். அவர்களுக்கு இடுப்பு வலியின் கடுமை குறைந்திருந்ததாக 1999இல் முடிவு வெளியாயிற்று. அதே நாட்டில் 390 பெண்களைக் கொண்டு தரைப் பயிற்சியையும் நீர்ப்பயிற்சியையும் ஒப்பிட்டனர். நீரில் பயின்றோருக்கு இடுப்பு வலியும், அதன் பொருட்டு எடுத்த விடுப்பும் குறைவு என்று 2006இல் கண்டனர். நம்மைப்போல் வெப்ப நாடாகிய பிரேசிலின் காம்பினாஸ் நகரில் 71 கர்ப்பிணிகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியில், மிதமான நீர்ப்பயிற்சியால் தாய்க்கோ சேய்க்கோ கேடு எதுவும் காணப்படவில்லை என்று 2008இல் எழுதினர்.

ஆயினும் மிகைப்படுத்திச் சொல்வது நம் நோக்கம் அன்று. டென்மார்க்கில் 516 பெண்கள் பங்குகொண்ட ஆராய்ச்சியின் முடிவு 2017இல் வெளிவந்தது. மேற்பார்வையாளர் இன்றித் தாமே நீரில் பயின்ற அப்பெண்களுக்கு வலி சிறிதளவே குறைந்தது. விடுப்பு எடுத்த நாட்களில் வேறுபாடு இல்லை. ஆகவே நீர் வலியை அடியோடு போக்கிவிடும் என்று யாரும் நம்பவேண்டாம். அது வலியைத் தணிக்கும், உடலை இளக்கும், மறுநாள் எழுந்திருப்பதை எளிதாக்கும். கர்ப்ப காலம் முழுதும் ஒழுங்காகப் பயிற்சி செய்வது இடுப்பு வலியைத் தடுக்க உதவும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இலேயே பரிந்துரைத்துள்ளது. நம் பெண்களில் பலருக்குத் தரைப் பயிற்சியே வலி தரும் நிலையில், நீர்ப்பயிற்சி சிறந்த துணையாகும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "எங்கள் பெண்கள் அன்றாடம் கடலில்தானே கிடக்கிறார்கள்? அவர்களுக்குமா இடுப்பு வலி?" என்று கடற்கரை அங்கத்தினர் கேட்பர். பாம்பன், மண்டபம் கடலில் பெண்கள் மூழ்கிப் பாசி பறித்து வருவதை நாடறியும். அவர்களுடைய உரிமைக்காகவும், கடலைக் கெடுக்காத முறையில் பாசி எடுப்பதற்காகவும் பாடுபட்ட சின்னப்பாலம் திருமதி லட்சுமி மூர்த்தி அவர்கள் 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பின் பரிசைப் பெற்றது நம் மாவட்டத்துக்குப் பெருமை. ஆனால் அவர்கள் செய்வது தொழில். நாம் சொல்வது பயிற்சி. மூச்சடக்கி மூழ்குவதும், பாறையில் ஒட்டிய பாசியைப் பிடுங்குவதும், நனைந்த மூட்டையைத் தூக்கிக் கரையேற்றுவதும் இடுப்பை இளக்குவதில்லை, இறுக்குகின்றன. கர்ப்பிணிக்கு மூச்சடக்கி மூழ்குவது ஆகவே ஆகாது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பெப்சி கம்பெனி இத்தொழிலில் இறங்கியதால் மக்கள் 'பெப்சிப் பாசி' என்றே அழைக்கும் கப்பாபைகஸ் பாசி வளர்ப்பிலும் மூழ்கும் வேலை குறைவே தவிர, தூக்கும் வேலையும் குனியும் வேலையும் குறைவில்லை. நீரிலே நாள்தோறும் நிற்கும் பெண் அந்நீரில் ஓர் அரை மணி நேரம் தன் உடலுக்கென்று நின்றதில்லை. ஆட்சேபத்துக்கு இதுவே நம் பதில்.

இனிக் கடலைப் பற்றிச் சில வார்த்தைகள். இராமேசுவரத்தார் பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடலைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கடலை ஆண்கடல் என்றும் அழைப்பதை நாம் அறிவோம். பெண்கடல் ஆழம் குறைந்தது, அலை சிறியது. பயிற்சிக்கு ஏற்றது அதுவே. ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்று எழும்பினால் பெண்கடலும் முரண்டு பிடிக்கும், அப்போது இறங்கலாகாது. இரு கடல்களும் கூடும் தனுஷ்கோடி முனையில் நீரோட்டம் மிக வலிது. அங்கே எக்காலத்திலும் இறங்கலாகாது. கடற்சொறி மிதக்கும் நாளிலும் வேண்டாம். மணற்பாங்கான தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப் போய்விடும். சித்திரை, வைகாசியில் கரையோரத்து ஆழமற்ற நீர் வெயிலில் சூடேறிவிடும். சூடான நீர் கர்ப்பிணிக்கு ஆகாது. ஆதலால் விடியற்காலையே தக்க வேளை.

பெரியோர் சிலர் சூல்கொண்டவள் கடலில் இறங்கலாகாது என்பர். அச்சொல்லை நாம் எள்ளி நகையாடமாட்டோம். அலையிலும் பாறையிலும் அடிபட்டுவிடக்கூடாதே என்ற அன்பு அதில் இருக்கிறது. அதே அன்புடன் அவர்களும் கரையில் வந்து அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்பதே நம் வேண்டுகோள். கரையில் ஒருவர் காவலிருப்பது எப்படியும் அவசியமே.

கடலுக்குத் தொலைவில் உள்ள பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளருக்கு என்ன வழி? குடிநீர் ஊருணியில் இறங்குவதை ஊர்க் கட்டுப்பாடே தடுக்கும், அது நன்று. கண்மாயில் சேறும், ஆழம் தெரியாத குழியும், கால்நடைகளின் கழிவும் உண்டு, அதுவும் வேண்டாம். ஆனால் சங்கத்துக்குச் சொந்தமான இடத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டலாம். பத்தடி நீளம், எட்டடி அகலம், நான்கடி நீர்மட்டம் என்று வைத்துக்கொண்டால், 320 கன அடி, அதாவது ஏறத்தாழ 9,000 லிட்டர் நீர் கொள்ளும். ஒரு வேளைக்கு நால்வர் பயிலலாம். இறங்கப் படியும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், மறைப்புக்கு ஒரு சுற்றுச் சுவரும், குழந்தைகள் விழாதிருக்கப் பூட்டும் கதவும் வேண்டும். நீரைத் தேங்கவிடாமல் மாற்றி, மாற்றிய நீரைத் தென்னைக்குப் பாய்ச்சிவிடலாம். நம் பகுதியில் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் உவர்நீர்தான் வருகிறது என்று வருந்துகிறோம். குடிக்க ஆகாத அந்த உவர்நீர், தூய்மையாக இருந்தால், இந்த வேலைக்குத் தடையின்றி ஆகும். பம்ப்செட் தொட்டி வைத்திருக்கும் விவசாய அங்கத்தினர் வாரம் இரு வேளை அதை ஒழித்துக் கொடுக்க முன்வந்தால், கட்டும் செலவும் மிச்சம்.

பயிற்சி முறை கடினமானதன்று. முதலில் ஐந்து நிமிடம் மார்பளவு நீரில் மெல்ல முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நடக்கவேண்டும். பிறகு சுவரையோ கட்டிய கயிற்றையோ பிடித்துக்கொண்டு முழங்கால்களை மாற்றி மாற்றி வயிற்றுக்குப் பக்கமாக உயர்த்தவேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இடுப்பின் வளைவு சுவரில் படியும்படி அடிவயிற்றை உள்ளிழுத்துச் சில விநாடி வைத்துத் தளர்த்தவேண்டும். இதுவே முதுகுக்கு மிக முக்கியமானது. கைகளை நீருக்கடியில் விரித்து மூடவேண்டும். இறுதியில் கழுத்தளவு நீரில் சற்றே அமர்ந்து இளைப்பாறவேண்டும். மொத்தம் இருபது முதல் முப்பது நிமிடம் போதும். பயிலும்போது அருகில் உள்ளவரோடு தடையின்றிப் பேச முடியவேண்டும். பேச மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். குதித்தலும் மூழ்குதலும் கூடாது. முன்னும் பின்னும் குடிநீர் அருந்தவேண்டும். கரையேறும்போது உடலின் பாரம் திடீரெனத் திரும்பி வரும். ஆதலால் கைப்பிடியைப் பற்றி மெதுவாக ஏறவேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் அழுத்தமாகச் சொல்லவேண்டும். உதிரப்போக்கு, பனிக்குட நீர்க்கசிவு, தாழ்ந்திருக்கும் நஞ்சுக்கொடி, கட்டுக்கு அடங்காத இரத்தக் கொதிப்பு, இருதய நோய், கடுமையான இரத்தசோகை, காய்ச்சல், ஆறாத புண் ஆகியவை உள்ளவர் நீரில் இறங்கலாகாது. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ கேட்டு, சம்மதம் பெற்ற பின்னரே யாரும் தொடங்கவேண்டும். மேலும், இடுப்பு வலி அனைத்தும் ஒன்றல்ல. வலியுடன் காய்ச்சலும் நீர்க்கடுப்பும் இருந்தால் அது சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். மாதம் நிறையும் முன்பே விட்டுவிட்டுச் சீராக வரும் வலி, முன்கூட்டிய பிரசவ வலியாக இருக்கலாம். கால் மரத்துப்போனாலும், சிறுநீரை அடக்க முடியாமற்போனாலும், உதிரம் கண்டாலும், பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இனிச் சங்கங்களிடம் நாம் கேட்பது மூன்று.

முதலாவது, கர்ப்பிணி அங்கத்தினரின் உற்பத்திக் குறைவைக் குற்றமாகப் பதியாதிருத்தல். ஆறாம் மாதம் முதல் அவர் பெயருக்கு எதிரே காரணத்தை எழுதி, நூல் ஒப்படைக்கும் தவணையை நீட்டித்து நிர்வாகக் குழு தீர்மானம் போடட்டும். பரிசோதனைக்கு வரும் எம்மைப் போன்றவர்களுக்கும் அத்தீர்மானமே விளக்கமாகும். விரும்புவோருக்குத் தறிவேலைக்குப் பதிலாக, நாற்காலியில் அமர்ந்து செய்யும்படி தார் சுற்றும் வேலையைக் கொடுக்கலாம். கூலி வித்தியாசத்தை இயன்ற அளவு சங்கம் ஈடுசெய்யலாம். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் சம்பளம் பெறும் பெண்ணுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியத்துடன் மகப்பேற்று விடுமுறை தந்தது. 2017இல் அது 26 வாரமாக உயர்ந்தது. வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்யும் நம் அங்கத்தினருக்கு அத்தகைய விடுமுறை கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அரசு அளித்துவரும் மகப்பேறு உதவி 2018இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதியுள்ளோர் அதைப் பெறக் காரியதரிசிகள் துணைபுரியவேண்டும். ஆனால் வலியோடு தறியில் உட்காரும் நாளுக்கு அது ஈடாகாது. அந்த நாளைக் கவனிக்கவேண்டியது சங்கமே.

இரண்டாவது, வாரத்தில் இரு காலை வேளைகளை நீர்ப்பயிற்சிக்கென ஒதுக்கி, இடமும் காவலும் ஏற்பாடு செய்தல். கடற்கரைச் சங்கங்களுக்கு இதனால் ஆகும் செலவு, நட்ட நான்கு கம்பங்களும் கட்டிய ஒரு கயிறும் மறைப்புத் தட்டியுமே. உள்ளூர்ச் சங்கங்களுக்குத் தொட்டியின் செலவு உண்டு. இலாபப் பிரிவினையில் பொது நன்மை நிதி என்று ஒன்று ஒதுக்கப்படுவதை அங்கத்தினர் அறிவர். அந்நிதி சில இடங்களில் செலவழிக்க வழி தெரியாமல் கிடப்பதை நாம் கணக்குகளில் பார்த்திருக்கிறோம். இதைவிடப் பொதுவான நன்மை எது?

மூன்றாவது, பயிற்சியைத் தெரிந்தவரைக் கொண்டு கற்பித்தல். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக இயன்முறை மருத்துவம் கிராமங்களையும் எட்டிற்று. அத்தகைய மருத்துவர் ஒருவரைச் சங்கம் அழைத்து, இரண்டு மூன்று அனுபவமுள்ள தாய்மாருக்குப் பழக்கிவிட்டால், பிறகு அவர்களே மற்றவர்களுக்குக் கற்பிப்பர். மேற்பார்வையின்றிப் பயின்றோருக்குப் பலன் குறைவு என்ற டென்மார்க்குச் செய்தியை இங்கே நினைவுகூர்வது நலம். பலர் கூடிச் செய்யும்போது ஒருவர் வராவிட்டால் மற்றவர் போய் அழைத்து வருவர். கூட்டுறவின் இயல்பே அதுதான்.

"ஒரு அங்கத்தினரின் இடுப்பு வலிக்காகச் சங்கம் தொட்டி கட்டவேண்டுமா?" என்று பொதுப்பேரவையில் யாரேனும் கேட்டால், தறிக் கொட்டகை ஒழுகும்போது கூரை வேய்கிறோமே, அது யாருக்காக என்று திருப்பிக் கேட்கலாம். தறி நனையக்கூடாது என்று கவலைப்படும் நாம், தறியில் அமர்பவரைப் பற்றியும் கவலைப்பட வேண்டாமா?

நாம் நோட்டீசு அனுப்பக் காரணமாயிருந்த அந்தச் சகோதரி பிறகு சுகமாகப் பிரசவித்தார். குழந்தைக்கு ஓராண்டு ஆன பின் மறுபடியும் தறியில் அமர்ந்தார். அவருடைய பெயருக்கு எதிரே இன்று மாதம் எட்டுச் சேலை வரவாகிறது. அவருக்கு நாம் செய்யத் தவறியதை, அடுத்து வரும் சகோதரிக்கேனும் அவருடைய சங்கம் செய்யட்டும். வருகிற நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு எல்லாச் சங்கங்களின் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.